லேமினேட் தரை நடந்தா ஏன் சத்தம் போடுது: செங்கோட்டை வீட்டு மாடியில போட்டு, பிரிச்சு, திருப்பிப் போட்ட கதை

மொதல்ல மார்க்கு சொல்லிடுதேன், அவசரமா இருக்கவங்க இதோட போயிடலாம். லேமினேட் பலகைக்கு, அதாவது மரம் மாதிரி இருக்கிற மாட்டுப் பலகைக்கு, அஞ்சுக்கு நாலு. அதை வித்து ஆளனுப்பி போட்டுக் குடுத்த கடைக்கு அஞ்சுக்கு ஒண்ணு, அதுவும் சொன்ன தேதிக்கு வந்தாங்கங்கறதுக்காக. அப்புறமா வந்து மொத்தத்தையும் பிரிச்சு அதே பலகைய வச்சே திருப்பிப் போட்டுக் குடுத்த புனலூர் சேட்டனுக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஒரே பலகை, ஒரே ரூம்பு. மொத தடவ போட்டப்ப ராத்திரி ஒருத்தர் பாத்ரூம் போனா வீடே முழிக்கும், ரெண்டாவது தடவ போட்டப்புறம் அந்தச் சத்தம் இல்ல. அப்ப சத்தம் பலகையில இல்ல, பலகைக்கு அடியிலயும் சுவத்து ஓரத்துலயும் இருக்கு. இதை நாங்க ஏறி இறங்குன எந்தக் கடையிலயும் யாரும் வாயத் திறந்து சொல்லல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுதேன், லேமினேட் போடணும்னு நினைக்கிறவங்க பொறுமையா படிங்க.

எங்க வீடு செங்கோட்டையில. ஊரு தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டாம், தெரியாதவங்களுக்காக சொல்லுதேன், தமிழ்நாட்டுல பாதி ஊரு ஜூன் ஜூலையில வெயில்ல காயும்போது எங்களுக்கு மட்டும் ஆரியங்காவு கணவாய் வழியா கேரளா மழைக்காத்து நேரா இறங்கும். குத்தாலத்துல சீசன்னா எங்க வீட்டுலயும் சீசன்தான், துணி காயாது, உப்பு கசிஞ்சு போயிடும், அலமாரிக் கதவு இழுத்தா வராது. அதுவே ஏப்ரல் மேயில எல்லா மரமும் காஞ்சு சுருங்கி கதவு தானா ஆடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல கெடந்து ஒரு மரத்தரை என்ன பாடுபடும்னு அப்ப எங்களுக்கு யாரும் சொல்லல.

லேமினேட் போட்டது மாடி ரூம்புல. அது முன்ன மொட்டமாடி. கான்கிரீட் மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு அதுக்கு மேல தட்டோடு பதிச்சது. மாமா காலத்துல நாலு பக்கமும் சுவர் எழுப்பி மேல தளம் போட்டு ரூம்பாக்கிட்டாங்க, தரைய அப்படியே விட்டுட்டாங்க. அதனால மழைத்தண்ணி ஓடுறதுக்கு விட்ட வாட்டம் இன்னும் அதுல இருக்கு, அதுபோக அங்கங்க ஓடு தாழ்ந்தும் தூக்கியும் கெடக்கும். சீசன்ல அந்தத் தரையில கால் வச்சா சில்லுனு ஏறும், பிள்ளைங்க ரெண்டு பேரும் அங்கனதான் பாய விரிச்சுப் படுக்கும். டைல்ஸ் போட்டாலும் சில்லுனுதான் இருக்கும், பழைய மாடிக்கு மேல இன்னும் சிமெண்டு, கல்லுனு பாரம் ஏத்தவும் மனசில்ல. லேமினேட் லேசா இருக்கும், காலுக்கு கதகதன்னு இருக்கும்னு சொன்னாங்க. அது ரெண்டும் உண்மைதான், இன்னைக்கும் அதுல குறையே சொல்ல மாட்டேன்.

இந்தப் பக்கம் விசாரிச்சிட்டு, மலைக்கு அந்தப்பக்கம் இன்டீரியர் கடைங்க நெறைய, அங்க விலையும் டிசைனும் நல்லாருக்கும்னு புளியரை செக்போஸ்ட் தாண்டி தென்மலை வழியா கீழ இறங்கி ஒரு பெரிய ஷோரூம்ல எடுத்தோம். கடை பேரு வேண்டாம். 8 மி.மீ பலகை, ஏசி4 (தேய்மானம் தாங்குற தர அளவு), தேக்கு கலரு. பலகைக்கு அடியில விரிக்கிற ஃபோம், சுவத்தடி ஓரத்துல வைக்கிற ஸ்கர்டிங் பட்டி, கூலி எல்லாம் சேத்துப் பேசினாங்க. கடையில ஒரு மேடை போட்டு அதுல பலகைய விரிச்சு வச்சிருந்தாங்க, அதுல நடந்து பாத்தோம், ஒரு சத்தமும் இல்ல. இருக்காது, ஏன்னா அது மட்டமான மேடை, ஏசி ரூம்பு. எங்க வீட்டுத் தரை எப்படி இருக்குன்னு வந்து பாக்காம அளவை மட்டும் போன்ல வாங்கிட்டாங்க. அடியில என்ன தரை, வெளிச்சுவர் ஈரம் உண்டா, இப்படி ஒரு கேள்வியும் கேக்கல. நான் மாடி ஓடு ஏத்த இறக்கமா இருக்குன்னு சொன்னதுக்கு “கொழப்பமில்ல மேடம், ஃபோம் போட்டா சரியாயிடும்”. இந்த ஒரு வார்த்தையிலதான் எல்லாம் ஆரம்பிச்சது.

மே மாசம் போட்டாங்க. பெட்டி வண்டியில இருந்து இறங்குன அன்னைக்கே பிரிச்சு அன்னைக்கே விரிச்சு சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டுப் போயிட்டாங்க. பாக்க ரொம்ப அழகு. நடந்தா டொக் டொக்குனு ஒரு சத்தம் அப்பவே இருந்தது, ஆனா அது புதுசுக்கு அப்படித்தான்னாங்க. ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பிச்சதும் ஒவ்வொண்ணா கூடிச்சு. கதவுகிட்ட கிறீச்சுனு ஒண்ணு. ஜன்னல் பக்கம் நறநறன்னு ஒண்ணு. நடு ரூம்புல கால் வச்சா தரை கொஞ்சம் அமுங்கி எடுக்கும்போது க்ளக்குனு ஒண்ணு. யாரும் நடக்காத நேரத்துலகூட திடீர்னு டப்புனு ஒரு சத்தம், மொத தடவ கேட்டப்ப சின்னவ பயந்து எந்திரிச்சு உக்காந்துட்டா. கீழ அத்தை தூங்குறாங்க, அவங்களுக்கு தூக்கமே லேசு, காலையில எந்திரிச்சா “ராத்திரி மூணு மணிக்கு யாரு மேல நடந்தது”ன்னு கேப்பாங்க. பிள்ளைங்கள நடக்காத ஓடாதன்னு சொந்த வீட்டுக்குள்ள அதட்டுறது எவ்வளவு சங்கடம்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

இப்ப இந்தத் தரை என்னன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கணும், அப்பதான் சத்தம் புரியும். லேமினேட்ங்கறது முழு மரம் இல்ல. நடுவுல மரத்தூள் நாரை அழுத்திச் செஞ்ச ஹெச்டிஎஃப் பலகை, அதுக்கு மேல மரம் மாதிரி அச்சடிச்ச பேப்பர், அதுக்கும் மேல தேயாம இருக்க மெலமைன் பூச்சு, அதுல அலுமினியம் ஆக்சைடு கலந்திருப்பாங்க, அடியில பலகை வளையாம இருக்க இன்னொரு பேப்பர். சுவீடன்ல பெர்ஸ்டார்ப்ங்கற கம்பெனி 1977ல கண்டுபிடிச்சது இது. ஆரம்பத்துல பலகைக்குப் பலகை பசை போட்டு ஒட்டுனாங்க, 1990கள்ல தான் பசையில்லாம ஒண்ணுல ஒண்ணு மாட்டுற க்ளிக் முறை வந்தது. இப்ப நம்ம ஊர்ல போடுறது எல்லாம் அதுதான். இந்த க்ளிக் வந்ததுனாலதான் ஒரே நாள்ல தரை போட முடியுது, பிரிச்சு திருப்பியும் போட முடியுது. ஆனா பசை இருந்த எடத்துல இப்ப மரத்து நாக்கும் மரத்து பள்ளமும் காஞ்சபடி ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கு, அது ரெண்டும் அசைஞ்சா உரசும், உரசுனா கத்தும்.

அடுத்த விஷயம் இந்தத் தரை கீழ எங்கயும் ஒட்டியோ ஆணியடிச்சோ இருக்காது. ஃபோம் மேல சும்மா கெடக்கும், மொத்த ரூம்பும் சேந்து ஒரே தட்டு. மிதக்குற தரைன்னே சொல்லுவாங்க. காத்துல ஈரம் கூடுனா அந்தத் தட்டு நாலு பக்கமும் விரியும், காஞ்சா சுருங்கும். அதுக்கு எடம் வேணும்னுதான் சுவத்துல இருந்து சுத்தி 8ல இருந்து 12 மி.மீ வரைக்கும் சந்து விட்டு அதை ஸ்கர்டிங் வச்சு மறைக்கிறது. ஸ்கர்டிங் சுவத்துலதான் நிக்கணும், தரைய அமுக்கிப் பிடிக்கக் கூடாது. தரை நகர்றதுக்கு விட்டாதான் அது அமைதியா இருக்கும், எங்கயாவது ஒரு எடத்துல பிடிச்சு நிறுத்துனா அங்கதான் சத்தம்.

இதெல்லாம் எங்களுக்குச் சொன்னது அந்தக் கடையில்ல. கடைக்கு போன் பண்ணா மொதல்ல “ஒரு மாசம் நடங்க, செட் ஆயிடும்”னாங்க. இதுல பாதி நியாயம் உண்டு, புதுசா போட்ட தரையில ஃபோம் கொஞ்சம் படியற வரைக்கும் சின்னச் சின்ன சத்தம் வந்து போகும். ஆனா கால் வச்சா கண்ணுக்குத் தெரியற மாதிரி அமுங்குற எடம் எத்தன மாசம் நடந்தாலும் செட் ஆகாது, அமுங்க அமுங்க க்ளிக்கு நாக்கு தேஞ்சு இன்னும் மோசமாத்தான் ஆகும். அப்புறமா ஒரு ஆசாரிய அனுப்புனாங்க, அவரு சத்தம் வர்ற எடத்துல மேல இருந்தே ஸ்க்ரூ போட்டு இறுக்கிடலாம்னாரு. நல்லவேளை வீட்டுக்காரரு ஒத்துக்கல. மிதக்க வேண்டிய தரைய ஸ்க்ரூ போட்டு கட்டிப்போட்டா அடுத்த சீசன்ல அது எங்க போய் தூக்கும்னு யாருக்குத் தெரியும், பலகை வாரண்டியும் அத்தோட போச்சு. அதுக்கு மேல அந்தக் கடையில போனே எடுக்கல. சாமான் விக்கிறதுக்கு காட்டுன மரியாதையில கால்வாசி, வித்ததுக்கு அப்புறமும் காட்டியிருக்கணும், இதுல எனக்கு உண்மையிலயே வருத்தம்.

புனலூர் சேட்டன் எங்க மதினி வீட்டுக்கு கதவு செஞ்சு குடுத்தவரு, அவரு தரை வேலையும் பாப்பாருன்னு மதினிதான் நம்பர் குடுத்தாங்க. அவரு வந்த அன்னைக்கு ஒரு பலகையக்கூட தொடல. கையில ஒட்டுற டேப்பும் மார்க்கரும் வச்சுக்கிட்டு செருப்பக் கழட்டிட்டு ரூம்பு முழுக்க மெதுவா நடந்தாரு, சத்தம் வந்த எடத்துல எல்லாம் டேப்பு ஒட்டி அதுல என்ன சத்தம்னு குறிச்சாரு. எனக்கு அப்பதான் புரிஞ்சது எல்லாம் ஒரே சத்தம் இல்ல, ஒவ்வொரு சத்தத்துக்கும் வேற வேற காரணம், வைத்தியமும் வேற வேற. அவரு சொன்னதையும் அப்புறம் பிரிச்சப்ப கண்ணால பாத்ததையும் சேத்து சொல்லுதேன்.

அமுங்கி க்ளக்குங்கற சத்தம் பள்ளத்துல இருந்து வர்றது. அடியில தரை தாழ்ந்திருக்கு, பலகை ரெண்டு மேட்டுலயும் படுத்துக்கிட்டு நடுவுல அந்தரத்துல நிக்குது, நாம கால் வைக்கும்போது பள்ளத்துக்குள்ள இறங்கி காலை எடுத்தா மேல வருது, ஒரு காலு குட்டையா இருக்கிற பெஞ்சுல உக்காந்து எந்திரிச்சா வர்ற அதே சத்தந்தான். இதுல ஒரு முக்கியமான விஷயம், தரை வாட்டமா இருக்கலாம், ஒரு பக்கமா சரிஞ்சிருக்கலாம், அதுக்கு லேமினேட் கவலைப்படாது. மேடு பள்ளம்தான் ஆகாது. ரசமட்டம் வச்சுப் பாக்கிறது இதுக்கு பத்தாது, நீளமான நேர்ப்பட்டி வேணும். 2 மீட்டர் பட்டிய தரையில வச்சா அடியில 3 மி.மீ க்கு மேல சந்து தெரியக் கூடாதுங்கறது பொதுவா எல்லா கம்பெனியும் சொல்லுற கணக்கு. நீங்களே வீட்டுல பாக்கலாம், நேரான அலுமினியக் குழா ஒண்ணை படுக்க வச்சு, ரெண்டு ஒத்த ரூபா காசை ஒண்ணுமேல ஒண்ணு வச்சு அடியில தள்ளிப் பாருங்க, ரெண்டும் சேந்து ஏறக்குறைய 3 மி.மீ தான், தாராளமா உள்ள போச்சுன்னா அங்க பள்ளம். சேட்டன் பட்டிக்கு அந்தப்பக்கம் டார்ச் அடிச்சுக் காட்டுனாரு, வெளிச்சம் எங்கெங்க வருதோ அங்கெல்லாம் பள்ளம், எங்க ரூம்புல வெளிச்சம் வராத எடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

இந்தப் பள்ளத்தை ஃபோம் வச்சு சரிக்கட்டுறதுதான் அந்தக் கடை ஆளுங்க செஞ்சது. பிரிச்சுப் பாத்தா நடுவுல ஃபோம் ரெண்டு மடிப்பு, ஒரு எடத்துல மூணு மடிப்பு. நம்மளும் என்ன நினைப்போம், அடியில மெத்துன்னு இருந்தா சத்தம் கொறையும்னுதானே. அது அப்படியில்ல. ஃபோம் ரொம்ப மெத்துன்னு இருந்தா ஒவ்வொரு அடிக்கும் க்ளிக் மூட்டு வளையுது, வளைஞ்சு வளைஞ்சு மூட்டு தளர்ந்து கிறீச்சு ஆரம்பிக்குது, கொஞ்ச நாள்ல நாக்கு உடையுது. ஃபோமுக்கு வேண்டியது கனமில்ல, அடர்த்தி. 2, 3 மி.மீ போதும், ஆனா விரலால அழுத்துனா சட்டுனு நசுங்கிப் போகக் கூடாது. பலகை கம்பெனி எவ்வளவு கனம் வரைக்கும் ஃபோம் போடலாம்னு பெட்டிக்குள்ள வர்ற தாள்லயே போட்டிருக்கும், எங்க பெட்டியிலயும் இருந்தது, யாரும் பிரிச்சே பாக்கல.

கிறீச்சு சத்தம் கதவுகிட்டயும் மேக்குச் சுவத்துப் பக்கமும். ஸ்கர்டிங்க கழட்டுனதும் தெரிஞ்சிடுச்சு, மேக்க பலகை சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது, சந்தே இல்ல. மே மாசம் காஞ்ச நேரத்துல முட்ட முட்ட போட்டது, சீசன்ல விரிய எடமில்லாம ஒண்ணோடொண்ணு நெரிச்சிக்கிட்டு கத்துது. கதவு நிலைக்கு அடியில பலகைய ஆப்பு மாதிரி செருகியிருந்தாங்க, அங்கயும் பிடிச்சுக்கிச்சு. போதாததுக்கு ஸ்கர்டிங் ஆணி ரெண்டு மூணு எடத்துல பலகைக்குள்ள எறங்கியிருந்தது. யாரும் நடக்காதப்ப வர்ற டப்புங்கற சத்தமும் இதனாலதான், ரொம்ப நேரம் நெரிச்சிக்கிட்டு நின்ன பலகை ஈரமோ சூடோ மாறும்போது ஒரே அடியா நழுவுது. மறுதடவ வந்து ஸ்கர்டிங் கழட்டுன அன்னைக்கு வேற எதுவும் செய்யாம மேக்குப் பக்கம் மட்டும் ஒரு வரிசையை வெட்டி சந்து விட்டாரு, அன்னைக்கு ராத்திரியே டப்பு நின்னுபோச்சு. உங்க வீட்டுல சத்தம் வந்தா மொதல்ல பாக்க வேண்டிய எடம் இது, ஸ்கர்டிங்க ஒரு எடத்துல கழட்டிப் பாக்கிறதுக்கு செலவே இல்ல.

பாரமான சாமானும் தரைய பிடிச்சு நிறுத்தும். ரூம்போட ஒரு மூலையில இரும்பு பீரோ, எதிர் மூலையில தேக்கு அலமாரி, ரெண்டும் நிறைய சாமானோட நின்னா நடுவுல இருக்க தரை எந்தப் பக்கமும் நகர முடியாது. அலமாரிய அதே சுவத்துக்கு பீரோ பக்கத்துல மாத்தச் சொன்னாரு, மாத்திட்டோம்.

நறநறங்கறது மண்ணு. சத்தியமா மண்ணுதான். பலகைய எடுத்தா ஃபோமுக்கு மேல மரத்தூளு, சிமெண்டு பொருக்கு, ஓட்டுத் துண்டு, ஒரு ஸ்க்ரூ, எல்லாம் கெடக்கு. விரிக்கிறதுக்கு முன்ன தரைய கூட்டக்கூட இல்ல, வெட்டுன தூளும் அங்கயே விழுந்திருக்கு. சரசரன்னு ஒரு சத்தம் சில வீட்டுல வரும், அது பாலித்தீன் ஷீட்டு சுருக்கத்தோட விரிச்சிருந்தா வர்றது. எங்க வீட்டுல அந்தச் சத்தம் வரல, ஏன்னா பாலித்தீனே போடல.

அதுதான் அடுத்த குத்தம். பலகைக்கு ஈரம் மேல இருந்து மட்டும் வர்றதில்ல, அடியில இருந்தும் வரும். சேட்டன் ஜன்னல் பக்கம் நாலு பலகைய எடுத்துட்டு வெறுந்தரையில ஒரு முழம் அகலத்துக்கு பாலித்தீன வச்சு நாலு ஓரமும் டேப்பு ஒட்டிட்டுப் போனாரு. மறுநாள் பாத்தா உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. பழைய சுண்ணாம்புத் தளம் தண்ணிய குடிச்சு வச்சிருக்கு, வெளிச்சுவரும் தரையும் சேர்ற எடத்துல சாரல் உள்ள எறங்குது. அந்த ஓரத்துல பலகை விளிம்பெல்லாம் வீங்கித் தூக்கியிருந்தது, கையால தடவுனாலே தெரியும். அப்படி வீங்குன பலகை காஞ்சாலும் பழைய நெலமைக்கு வராது, அதை மாத்தத்தான் வேணும்.

இந்த எடத்துலதான் அவரு மேல எனக்கு மரியாதை வந்தது. வேலைய உடனே ஆரம்பிச்சு காசு வாங்கியிருக்கலாம். “இப்ப வேண்டா சேச்சி, மழை நிக்கட்டும், வெளிச்சுவரு மொதல்ல பூசுங்க, தரை காஞ்சப்புறம் வாரேன்”னு சொல்லிட்டு பிரிச்ச பலகைய அடுக்கி மூடிவச்சிட்டுப் போயிட்டாரு. குத்தால சீசன் முடிஞ்சு ஐப்பசி கார்த்திகை மழையும் முடிஞ்சு பொங்கல் கழிஞ்சுதான் வந்தாரு. வந்ததும் அதே பாலித்தீன் சோதனை, இந்தத் தடவ உள்ள ஒரு சொட்டு இல்ல, அதுக்கப்புறந்தான் வேலை.

மிச்ச பலகையும் வரிசையா சாக்பீஸ்ல நம்பர் போட்டு கழட்டுனாரு. ஆடுற ஓடு எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டு அந்த எடத்தை அடைச்சாரு, தூக்கி நின்ன எடத்தை கிரைண்டர்ல தேச்சாரு, தூசி வீடு பூரா பறந்துச்சு, கீழ அத்தை ரூம்பு கதவுக்கு ஈரத்துணி கட்டுனோம். அப்புறம் பிரைமர் அடிச்சு பள்ளத்துல மட்டும் தானா பரவி மட்டமாகுற செல்ஃப் லெவலிங் கலவை ஊத்துனாரு. மொத்த ரூம்பையும் ரசமட்டத்துக்கு கொண்டுவர முயற்சி பண்ணல, அது பண்ணா ஒரு பக்கம் விரக்கடை உசரத்துக்கு கலவை ஏறும், பழைய மாடிக்கு பாரம், நமக்கு செலவு. வாட்டத்த வாட்டமாவே விட்டு, மேடு பள்ளத்த மட்டும் எடுத்தாரு. காயவிட்டாரு, திரும்ப பட்டி வச்சு டார்ச் அடிச்சு எங்களையும் குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. நல்லா கூட்டி வேக்குவம் போட்டு, 200 மைக்ரான் பாலித்தீன சுருக்கமில்லாம விரிச்சு, ஒண்ணுமேல ஒண்ணு ஒரு ஜாண் ஏத்தி டேப்பு ஒட்டி, சுவத்துல கொஞ்சம் ஏத்திவிட்டு, அதுக்கு மேல அடர்த்தியான ஃபோம் ஒரே ஒரு மடிப்பு. பழைய பலகைய அந்த ரூம்புலயே படுக்க வச்சு ரெண்டு நாள் விட்டுட்டுத்தான் மாட்டுனாரு, காத்துக்கு பழகணும்னு. இது எல்லா கம்பெனியும் சொல்லுறது, 48 மணி நேரம், பெட்டியில எழுதியே இருக்கும். நாக்கு உடைஞ்சதுக்கும் வீங்குனதுக்கும் மிச்சம் இருந்த பெட்டியில இருந்து எடுத்தாரு, அது பத்தாம அதே டிசைன்ல இன்னும் ஒரு பெட்டி அலைஞ்சு வாங்கினோம். வாங்கும்போதே நூத்துக்கு பத்து கூட வாங்கி வச்சிடுங்க, டிசைன் நின்னுபோச்சுன்னா அப்புறம் கெடைக்காது.

செலவு, கலவை ஃபோம் கூலி எல்லாம் சேத்து மொதல்ல கடைக்கு குடுத்ததுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. இதை மொதல்லயே தரைக்கு செலவழிக்கச் சொல்லி கடை சொல்லியிருந்தா சந்தோஷமா குடுத்திருப்போம்.

இப்ப எப்படி இருக்கு? கிறீச்சு இல்ல, நறநற இல்ல, க்ளக்கு இல்ல, டப்பு இல்ல. அதுக்கப்புறம் ஒரு சீசன் முழுசா பாத்தாச்சு, எங்கயும் தூக்கல. ஆனா டொக் டொக்கு முழுசா போகல, அதையும் உள்ளபடி சொல்லணும். மிதக்குற தரைக்கு அடியில எப்படியும் ஃபோமும் கொஞ்சம் காத்தும் இருக்கு, குதிகால் ஊனி நடந்தா அந்த ரூம்புக்குள்ள கொஞ்சம் காலியா ஒரு சத்தம் வரத்தான் செய்யும், முன்ன இருந்ததுல கால்வாசிதான் இப்ப. 12 மி.மீ பலகை போட்டா இந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் அடங்கும், ஆனா பள்ளத்து மேல போட்டா 12ம் கத்தத்தான் செய்யும், அதனால கடையில கனத்தக் காட்டி விலைய ஏத்துனா மயங்காதீங்க. ஏசி3, ஏசி4ங்கறதும் தேய்மானம், கீறல் இதுக்கெல்லாம் எவ்வளவு தாங்கும்ங்கற கணக்கு, சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இன்னொண்ணு, அந்த ரூம்புக்குள்ள கேக்குற சத்தம் வேற, கீழ் வீட்டுக்கு எறங்குற சத்தம் வேற. ஃபோம் வாங்கும்போது கவர்ல சத்தம் கொறைக்கும்னு போட்டிருந்தா எந்தச் சத்தம்னு கேளுங்க, சிலது கீழ போறத நல்லா கொறைக்கும், ரூம்புக்குள்ள கேக்குறத அவ்வளவா கொறைக்காது. எங்களுக்கு அத்தை தூக்கம்தான் முக்கியம், அதனால கீழ போறத கொறைக்கிறதா பாத்து எடுத்தாரு. மேல கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல நடக்குற வழியில ஒரு கனத்த ஜமுக்காளத்த விரிச்சோம், மிச்ச டொக்கும் அங்க கேக்கல. அத்தை இப்ப காலையில அந்தக் கேள்விய கேக்கிறதில்ல, பிள்ளைங்க மாடியில ஓடுனா நான் அதட்டுறதும் இல்ல.

பராமரிப்பு பத்தி ரெண்டு வார்த்த. நம்ம வீட்டுல வாளியில தண்ணிய எடுத்து சொட்டச் சொட்ட துடைச்சாதான் துடைச்ச திருப்தி, அது இந்தத் தரைக்கு ஆகாது. நல்லா பிழிஞ்ச துணி, துடைச்ச நிமிஷத்துல காயணும். தண்ணி குடம், பூத்தொட்டி எதையும் நேரா மேல வைக்காதீங்க. சின்ன கிறீச்சு எங்கயாவது வந்தா மூட்டுல கொஞ்சம் முகப்பவுடர தூவி மெத்துன்னு மிதிச்சு விடுங்க, உரசல் கொறைஞ்சு கொஞ்ச நாளைக்கு அடங்கும். அது வலி மாத்திரை மட்டுந்தான், அடியில பள்ளமோ ஓரத்துல முட்டலோ இருந்தா திரும்ப வரும்.

கடைக்குப் போறவங்களுக்கு நான் சொல்லுறது இதுதான். பலகைய தட்டிப் பாக்கிறத அப்புறம் வச்சுக்கோங்க. தரைய நேர்ல வந்து பாப்பீங்களா, பட்டி வச்சு பாப்பீங்களா, பள்ளம் இருந்தா யாரு சரி பண்ணணும், பாலித்தீன் கணக்குல உண்டா, ஃபோம் எத்தன மடிப்பு, ரூம்பு பெருசுன்னா வாசல்ல மறைப்புப் பட்டி போட்டு தரைய ரெண்டு தட்டாப் பிரிப்பீங்களா, ஓரத்துல எவ்வளவு சந்து விடுவீங்க, இதெல்லாத்தையும் கேட்டுப் பாருங்க. நிதானமா பதில் சொல்லுற கடையில விலை கொஞ்சம் கூட இருந்தாலும் எடுங்க. எல்லாத்துக்கும் “கொழப்பமில்ல”ன்னு ஒரே பதில் வந்தா அங்க எடுக்காதீங்க. பில்லுல தரை சரி பண்ற வேலைய தனியா எழுதி வாங்குங்க, எங்க பில்லுல பலகை, ஃபோம், கூலி மூணு வரிதான் இருந்தது, அதனால பின்னால எதையும் கேட்டு வாங்க முடியல.

நெறைய பேரு இப்ப எஸ்பிசி போடலாமேன்னு கேக்குறாங்க. அது கல்லுத்தூளும் பிளாஸ்டிக்கும் சேந்தது, தண்ணிக்கு வீங்காது, சாரல் அடிக்கிற எங்க ஊருக்கு அந்த விதத்துல நல்லது, சமையக்கட்டுக்கும் தாங்கும். ஆனா அதுவும் க்ளிக்குதான், அதுவும் மிதக்குற தரைதான், பலகை இன்னும் சன்னம், அடியில மேடு பள்ளம் இருந்தா அதுவும் மூட்டுல விட்டு சத்தம் போடும். நாங்க அடுத்து கொழுந்தனார் ரூம்புல போடுறதா இருக்கோம், எஸ்பிசியா லேமினேட்டான்னு இன்னும் முடிவாகல, சேட்டன மட்டும் தரைய பாக்க வரச் சொல்லியாச்சு.